நான் கேட்டு வாங்கிய மரியாதை

என் மாமாவுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் கோயம்புத்தூர்க்காரர். இளையவன் நான், மாமாவின் சொந்த அக்காள் மகன். மூத்தவருக்கு ‘வாரீகளா, சாப்பிட்டீகளா’. எனக்கு ‘டேய்’. கல்யாணமாகி ஒன்பது வருடம், ஒரு பெண்ணுக்கு அப்பன், காரைக்குடியில் சொந்தமாகக் கடை வைத்திருப்பவன், இன்னும் ‘டேய்’. வயிறு எரியாதா எனக்கு?

போன கார்த்திகையில் நல்ல மழை. பிரான்மலை ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் கிளம்பினோம். கார் ஓட்டியவன் நான். வழியில் டீக்கடையில் மூத்தவருக்குத் தட்டில் வைத்து வடை வந்தது. மாமா தன் வடையைக் கடித்துப் பார்த்து, “நல்லாருக்குடா” என்று மீதியை என் வாயில் திணித்தார். எச்சில் வடை!

அடிவாரத்திலிருந்து பாதை ஓடையை ஒட்டியே ஏறுகிறது. ரொம்பச் செங்குத்து இல்லை; ஆனால் மூச்சு வாங்கும். மரங்கள் அடைத்து நின்றதால் பத்து மணிக்கும் வெயில் தரைக்கு இறங்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கூடவே வந்தது. அதையெல்லாம் ரசிக்க எனக்கு எங்கே நேரம்? தோளில் சோற்றுப் பை, கையில் தண்ணீர் கேன். மூத்தவர் புது ஷூ போட்டுக்கொண்டு கைவீசிப் போனார்.

ஓடையைக் கடக்கும் இடத்தில் பாறையெல்லாம் பாசி. மாமா மூத்தவருக்குக் கை நீட்டினார். “இங்குட்டுக் கால வைங்க மாப்ள. மெதுவா. பதறாதீக.”

அடேயப்பா, என்ன கரிசனம்! அதையே பார்த்துக்கொண்டு காலை வைத்தவன் சறுக்கித் தண்ணீரில் உட்கார்ந்தேன். முழங்காலில் ரத்தம்.

“கண்ணு பொடதியிலயா இருக்கு?” என்றார் மாமா. “சோத்துப் பை நனைஞ்சிருச்சா பாருடா!”

மூத்தவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான்.

“நானும் இந்த வீட்டு மாப்பிள்ளைதான் மாமா!” தண்ணீரில் உட்கார்ந்தபடியே கத்தினேன். “அவருக்கு மரியாதை, எனக்கு டேயா? நான் என்ன உங்களுக்கு வேலையாளா?”

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. “நான் அப்படி நெனைக்கலயே” என்று முனகினார். பிறகு இறங்கி வந்து, என் தோளிலிருந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். “தப்புத்தான் மாப்ள. எந்திரிங்க.”

ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது.

மேலே பாறையில் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குத்தான் முதல் இலை. “இன்னுங் கொஞ்சம் வைக்கவா மாப்ள? கூச்சப்படாம சாப்பிடுங்க.” வழக்கமாக என் இலை அப்பளத்தில் பாதியை உடைத்து எடுத்துக்கொள்வார். அன்று அது முழுசாகவே கிடந்தது. நானும் தொடவில்லை.

இறங்கும்போது மறுபடி அந்தப் பாறை. கை நீட்டினார், மூத்தவருக்கு நீட்டிய மாதிரியே. “பாத்து வாங்க மாப்ள, வழுக்கும்.”

பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை டேய்னு கூப்பிடுங்க மாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ரோஷம் விடவில்லை.

அதற்கப்புறம் இன்றுவரை அவர் என்னை டேய் என்று கூப்பிட்டதில்லை. வீட்டுக்குள் நான் நுழைந்தால் எழுந்து நிற்கிறார்.