சிவப்பு சென்னைக்கு, வெள்ளை மதுரைக்கு

ஐந்து வருஷத்தில் மூன்று சாஃப்ட்வேர். மூன்றையும் தேர்ந்தெடுத்தது முதலாளி சுப்புராஜ். மூன்றுக்கும் வசவு வாங்கியது நான். சத்திரப்பட்டியில் அவருடைய பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மாரிச்செல்வி நான்தான். முதல் சாஃப்ட்வேர் அவர் சம்பந்தி வீட்டுப் பையன் செய்து கொடுத்தது. இரண்டாவது, விலை குறைவு என்று வாங்கியது. மூன்றாவதை எதற்காக வாங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொன்றும் படுத்தபோது பழைய விவரம் அத்தனையையும் புதியதில் மறுபடி அடித்தேன். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

தறியிலிருந்து இறங்கும் துணிக்கு ஒரு லாட் நம்பர் உண்டு. சலவைக்குப் போய்த் திரும்பி, பெட்டியாகி ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை அந்த நம்பர் மாறக் கூடாது. ஆனால் சலவைக்குப் போன லாட் என்றைக்கு ஒரே நடையில் திரும்பியிருக்கிறது? பாதி இன்றைக்கு வரும். மீதி நாலு நாள் கழித்து வேறொரு லாட்டோடு வரும். நம் சாஃப்ட்வேர்களுக்கு இது புரியாது. அவற்றின் கணக்கில் ஒரு லாட் ஒரு தடவைதான் திரும்பி வர முடியும். இரண்டாவது நடையை நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். ஆடி மாதம் ஒரு தாள் தொலைந்து, தப்பு நம்பரோடு போன நாற்பது பெட்டி திரும்பி வந்தது.

"அடுத்ததும் இப்பிடி ஆச்சுன்னா ஆள மாத்திருவேன், பாத்துக்கோ" என்றார் முதலாளி. என் புருஷன் முத்துக்குமரன் முதுகில் ஆபரேஷன் செய்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறார். இந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

நாலாவதுக்கு ஆள் தேடினார்கள். எத்தனை பேர், எத்தனை டீ! கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். சென்னைக்காரர் கோட்டு போட்டு வந்து சுவரில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். "ரெண்டு நடையா வந்தா எங்க சார் போடுறது?" என்று கேட்டேன். "அதெல்லாம் பண்ணிக்கலாம் மேடம்" என்றார், முதலாளியைப் பார்த்தபடியே. இந்தப் பண்ணிக்கலாமை நான் கேட்பது நாலாவது தடவை. மதுரையிலிருந்து வந்த கௌதம்ராஜ் படம் எதுவும் காட்டவில்லை. இரண்டு நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "அக்கா, அந்தக் காலண்டர் தாளக் கொஞ்சம் தாங்க" என்று அவராகவே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு தாளைக் கேட்டதற்குப் போய் யாராவது அழுவார்களா? அழுதேன்.

முதலாளிக்கோ சென்னை மேல் ஆசை, மதுரை சின்ன ஆபீஸ் என்று சந்தேகம். பதினைந்து நாள் இழுத்தடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பூக்கட்டிப் பாத்துருவோம். சிவப்பு வந்தா சென்னை, வெள்ளை வந்தா மதுரை. ஒங்க ஊரு மடவார் வளாகம் சிவன் கோயில்லயே வச்சுக்குவோம். நீயே பொட்டலம் கட்டிக் கொண்டாந்துரு."

தன் மகளுக்கு மாப்பிள்ளையும் இப்படித்தான் முடிவு செய்தாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வராத மனுஷன், சாமியிடம் கேட்கப் போகிறார்!

வெள்ளிக்கிழமை காலை சிவப்பு அரளியையும் வெள்ளை நந்தியாவட்டையையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை அரளிப் பக்கம் போகவே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்து மடித்தேன். வைத்தியநாதா, என் கழுத்தைப் பார்த்தாவது மன்னித்துவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

சந்நிதியில் அர்ச்சகர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் வெள்ளை. முதலாளியின் முகம் தொங்கிப்போனது. சென்னை ஆசை விடவில்லை போலும், மற்ற பொட்டலத்தையும் வாங்கிப் பிரித்தார். அதிலும் வெள்ளை.

பிரகாரத்துக்கு வந்ததும் இரண்டு பூவையும் என் முன்னால் நீட்டினார். "என்ன இது? சாமிகிட்டயே வெளாட்டா?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட அலுப்பு பெரிதாக இருந்தது.

"ஆமா மொதலாளி, நாந்தான் வச்சேன். அஞ்சு வருஷமா நாந்தான் உக்காந்து அடிக்கேன். எம்புட்டுப் பேரக் கூப்புட்டுக் கேட்டீக, என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அவர் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்து கௌதம்ராஜைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வேலையை ஆரம்பிக்கச் சொன்னார். போனைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு. இதுவும் ஓடலைன்னா பழி ஒன் தலையிலதான் விழும்."

"இதுக்கு முன்ன மூணும் யாரு தலையில விழுந்துச்சு, மொதலாளி?"