நேத்து இன்னா கொழம்பு?

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நான் வெல்டராக இருந்தபோது, உயரத்தில் ஏறுவதற்கான பெர்மிட்டில் கையெழுத்துப் போட ஒரு சேஃப்டிக்காரர் வருவார். என்னைவிட இளையவர். ஒல்லி உடம்பு, ஹெல்மெட் மட்டும் பெரிது. காலையில் எங்கள் சேஃப்டி பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொருவரிடமும் கேட்பார்: "நேத்து நைட்டு ஊட்ல இன்னா கொழம்புண்ணே?"

சரியான சாப்பாட்டு ராமன் என்று சிரிப்போம்.

ஒருமுறை என் மனைவி கோபித்துக்கொண்டு பிள்ளையோடு பொன்னேரியில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வாரம் சேஃப்டிக்காரர் கேட்டபோது, "ஞாபகம் இல்ல சார்" என்றேன். சாப்பிட்டேனா என்பதே நினைவில்லை.

பேனாவை மூடிவிட்டார். "இன்னிக்கு மேல ஏறாதண்ணே."

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார்."

"உடம்ப யாரு கேட்டா? நேத்து துன்னதே ஞாபகம் இல்லன்னா, மேல போயி பெல்ட்டு கொக்கி மாட்டவும் மறந்துடுவ. மனசுல இன்னா கீது, சொல்லு."

அழுதுகொண்டே சொன்னேன். புத்திமதி எதுவும் சொல்லாமல், கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆலையை விட்டு வந்து வருடங்களாகின்றன. வீட்டில் குழம்பு கொதித்தால் இன்றும் அவர் ஞாபகம்தான் வருகிறது. தினமும் எங்கள் எல்லோரையும் கேட்டவரிடம், அவர் வீட்டில் என்ன குழம்பு என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.