சாம்பல் நிறத்தில் ஒரு வரி

ஜெனிவீவ் வரையும் திரைகளில் நெரிசல் இருக்காது. ஒரு திரைக்கு ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு பொத்தான். தஞ்சோங் பகாரில் இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஆறு வருடமாகச் செயலி வடிவமைப்பாளராக இருந்தாள். பேருந்து நேரம் பார்க்க, துணி வெளுக்கக் கொடுக்க, பூனைக்குச் சாப்பாடு வாங்க என்று எத்தனையோ செயலிகளுக்கு வரைந்திருக்கிறாள். ஆனால் மருத்துவப் பரிசோதனைகளின் விலையைப் பார்க்கும் செயலி கைக்கு வந்தபோதுதான் தன் வேலை என்ன என்பதை வீட்டில் அம்மாவுக்கு உட்கார வைத்து விளக்கினாள். ஒவ்வொரு கிளினிக்காகப் போன் போட்டுக் கேட்க வேண்டாம், பரிசோதனையின் பெயரைத் தட்டினால் பக்கத்தில் எங்கே என்ன விலை என்று வந்துவிடும் என்று சொன்னபோது அவள் குரலில் பெருமை இருந்தது.

நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளிலும் வர வேண்டிய செயலி அது. மொழிபெயர்ப்பு நிறுவனம் அனுப்பிய தமிழைப் படித்துவிட்டு, இதை யார் புரிந்துகொள்வார்கள் என்று அவளே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினாள். அந்த வேலை அவளுக்கு இன்றும் குறையாகப் படவில்லை. குறை வேறு இடத்தில் நடந்தது.

முதலில் வரைந்த திரையில் இரண்டு விலைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று, தனியார் கிளினிக்குக்கு நேராகப் போனால் ஆகும் விலை. இன்னொன்று, பலதுறை மருந்தகத்தில், அதாவது அரசாங்கப் போலிகிளினிக்கில், மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் கடிதத்தோடு போனால் கிடைக்கும் மானிய விலை. இரண்டாவது விலைக்குக் கீழே நிபந்தனைகள் வரிசையாக வந்தன. குடியுரிமை, நிரந்தரவாசம், கடிதம், காத்திருக்க வேண்டிய வாரங்கள். பார்த்தவர்கள் குழம்பினார்கள். அப்போது ஜெனிவீவ்தான் ஒரு வழி சொன்னாள். பெரிய எழுத்தில் ஒரே விலை. அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், சின்னதாக ஒரு வரி: ‘மானிய விலை பார்க்க’. அதைத் தொட்டால் மற்றதெல்லாம் விரியும்.

திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் ஃபஸீலா. அவள் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“ஜென், இது ரொம்ப சின்னதா இல்ல? எங்க உம்மாவுக்கெல்லாம் இது கண்ணுலயே படாது லா.”

“தேவைப்படுறவங்க கண்டுபிடிச்சுருவாங்க. எல்லாத்தையும் ஃபர்ஸ்ட் ஸ்கிரீன்லயே கொட்டினா ஒருத்தரும் எதையும் படிக்க மாட்டாங்க.”

“ஷுவரா?”

“டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். தெரிஞ்சுடும்.”

தமிழில் சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஜெனிவீவுக்குத் தன் கத்தோலிக்கத் தேவாலயப் பங்கில் எல்லாரையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும், கோவிலுக்குப் பின்னால் இருக்கும் மறைக்கல்வி அறையை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கினாள். ஆறு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும், பொருள் வாங்கிக்கொள்ள, பேரங்காடிப் பற்றுச்சீட்டு ஒன்று உண்டு. ஆறாவதாக வந்தவர் அந்தோனியம்மாள்.

அந்தோனியம்மாளுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஒரு தொடக்கப்பள்ளி கேண்டீனில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருந்தார். ஞாயிறுகளில் பாடகர் குழுவில் முன்வரிசை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பாரே தவிரப் பார்க்க மாட்டார். ஜெனிவீவ் சிறுமியாக இருந்து புதுநன்மை வாங்கிய நாளில் அவளுடைய வெள்ளை கவுனின் பின்பக்கம் பொத்தான் அறுந்துபோக, ஊக்கு ஒன்றை எங்கிருந்தோ எடுத்துக் குத்திவிட்டவர் அவர்தான்.

ஜெனிவீவ் கையிலிருந்த தாளைப் பார்த்துச் சொன்னாள். “ஆண்டி, இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்ல, இந்தச் செயலிக்கு வைக்கிற பரீட்சை. நீங்க எது செஞ்சாலும் தப்பில்ல. உங்களுக்கு எந்த டெஸ்ட் பத்தித் தெரியணுமோ அதைத் தேடுங்க.”

“எந்த டெஸ்ட் வேணும்னாலுமா?”

“எது வேணும்னாலும்.”

முன்னால் வந்த ஐந்து பேரும் சர்க்கரை, கொழுப்பு என்று தேடிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தோனியம்மாள் ஒரு முறை கதவைத் திரும்பிப் பார்த்தார். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு ஜெனிவீவ் நீட்டிய போனில் எழுத்தெழுத்தாகத் தட்டினார். மார்பகம். கீழே வந்த பட்டியலில், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் சேர்ந்திருந்த வரியைத் தேர்ந்தெடுத்தார். விலை வந்தது. கேண்டீனில் இரண்டு வாரம் நின்றால் அவருக்கு மிஞ்சக்கூடிய தொகை அது.

திரையை ஜெனிவீவ் பக்கம் திருப்பினார்.

“இது ஒரு தடவைக்கா, ஜெனி?”

இப்படிப்பட்ட சோதனைகளில் ஒரு விதி உண்டு. கேட்பவருக்குப் பதில் சொல்லக் கூடாது. வழி காட்டக் கூடாது. கேள்வியை அவரிடமே திருப்பிவிட வேண்டும். அப்போதுதான் திரை தானாக எவ்வளவு புரிய வைக்கிறது என்பது தெரியும். ஜெனிவீவ் அந்த விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க, ஆண்டி?”

“இதைவிடக் கம்மியா வேற எங்கயும் கிடையாதா?”

“இந்தத் திரையைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?”

அந்தோனியம்மாள் சிரித்தார். “என்ன தோணும்? இவ்வளவுதான்னு தோணுது.” போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

ஜெனிவீவ் குறிப்பேட்டில் எழுதினாள்: தேடியது கிடைத்தது. ஐம்பத்திரண்டு வினாடி. மானிய வரியைத் தொடவில்லை.

பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை போன அந்தோனியம்மாள் நின்று திரும்பினார். “நான் இதுல என்ன தேடுனேன்னு யாருக்கும் தெரியாதில்ல?”

“தெரியாது, ஆண்டி. பேரெல்லாம் போட மாட்டோம்.”

“அது போதும்மா.”

அந்தக் கேள்வியையும் அவள் எழுதிக்கொண்டாள். பயனர்கள் அந்தரங்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று.

திங்கட்கிழமை அறிக்கை தயாரானது. ஆறு பேரில் நான்கு பேர் அந்தச் சாம்பல் வரியைத் தொடவே இல்லை. அதற்கு நேராக ஜெனிவீவ் எழுதிய விளக்கம் ஒரே வாக்கியம். “நால்வருக்கும் மானிய விலை தேவைப்படவில்லை.” ஃபஸீலா அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். செயலி வெளியானது. நன்றாகவும் ஓடியது. பார்க்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பலரும் பாராட்டினார்கள். ஒரு கருத்தரங்கில் ஜெனிவீவ் மேடையேறி, எதைக் காட்டாமல் விடுவது என்பதுதான் வடிவமைப்பு என்று இருபது நிமிடம் பேசினாள்.

அந்தோனியம்மாளை ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த தவக்காலத்தில் அவர் பாடல்களுக்கு எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே பாடினார். முட்டிவலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பூசை முடிந்ததும் கேட்கலாம் என்றும் ஒருமுறை நினைத்தாள். மழை வரும்போல் இருந்ததால் கிளம்பிவிட்டாள்.

சோதனை நடந்து பதினான்கு மாதம் கழித்து, பூசை மன்றாட்டில் நோயாளிகளின் பெயர்களை வாசித்தபோது அந்தோனியம்மாளின் பெயரும் வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தாள். முதுகுவலி என்று கேண்டீனில் சுருண்டு விழுந்தாராம். படம் எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டதாம். ஆரம்பம் மார்பில் என்றார்கள்.

அதற்குமேல் பூசையில் என்ன நடந்தது என்று ஜெனிவீவுக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வினாடி என்று தன் கையெழுத்தில் எழுதியிருந்தது மட்டும் கண்முன்னால் நின்றது.

மறுநாள் வேலை முடிந்து மருத்துவமனைக்குப் போனாள். சன்னல் பக்கத்துக் கட்டிலில் அந்தோனியம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் பாதியாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

“வாம்மா. ஆபீஸ்லேருந்து நேரா வர்றியா? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன், ஆண்டி.” சாப்பிடவில்லை. “எப்போலேருந்து ஆண்டி?”

“கட்டியா? அது இருந்துச்சு, ஒரு ரெண்டு வருஷமா. வலிக்கவே இல்ல. அதனாலதான் அப்படியே விட்டுட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “அன்னைக்கு உன் போன்ல பார்த்தேனே, ஞாபகம் இருக்கா? அவ்வளவு ஆகும்னு தெரிஞ்சதும், சரி, டிசம்பர் லீவு முடியட்டும், கடை லைசென்ஸ் எல்லாம் புதுப்பிச்சுட்டு நிதானமாப் பார்த்துக்கலாம்னு வெச்சேன். அப்புறம் தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. பயம் வேற. போகாம இருக்க ஒரு காரணம் கெடச்சுதுன்னு வெச்சுக்கயேன்.”

அந்தக் கடைசி வார்த்தைகளையே சமாதானமாகப் பிடித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். ஜெனிவீவால் முடியவில்லை.

“ஆண்டி, அது மட்டுந்தான் விலைன்னு இல்ல. போலிகிளினிக்ல லெட்டர் வாங்கிட்டுப் போயிருந்தா உங்களுக்கு ரொம்பக் கம்மியா ஆகியிருக்கும். அது அந்த ஸ்கிரீன்லயே இருந்துச்சு. கீழ, சின்னதா. நான்தான் அதைச் சின்னதாப் போட்டேன்.”

அந்தோனியம்மாள் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குச் சரியாக வராதபோது பார்ப்பதுபோல ஒரு பார்வை.

“போலிகிளினிக்குக்கு நான் மாசாமாசம் சுகருக்குப் போறேனே. இதுக்கும் அங்க கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லம்மா.” தலையணையைச் சரிசெய்துகொண்டார். “நான் உன்கிட்ட கேட்டேன்ல? கம்மியா இருக்கான்னு?”

“கேட்டீங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு தாதியைக் கூப்பிட்டுக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொன்னார். ஜெனிவீவ் போர்வையை இழுத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் ஃபஸீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் அப்போதே சொன்னேனே என்று ஃபஸீலா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். “என்ன மாத்தணுமோ மாத்து, ஜென். நான் மேல பேசிக்கிறேன்” என்றாள்.

மானிய விலை முதலில், பெரிய எழுத்தில் வந்தது. தனியார் விலை அதற்குக் கீழே. இன்னும் கீழே, முதலில் எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு எளிய வரிகள். திரை முன்பைவிட நெரிசலாக இருந்தது. வேலை முடிய இரண்டு நாள் ஆனது. வெறும் இரண்டு நாள். மாத முடிவில் மானிய விலையைப் பார்த்தவர்கள் மூன்று மடங்காகியிருந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். செயலி வெளியான நாளிலிருந்து இதைப் பார்க்காமலே போனைக் கவிழ்த்து வைத்தவர்கள் எத்தனை பேரோ என்று ஜெனிவீவ் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணை எந்த அறிக்கையும் தராது.

அந்தோனியம்மாள் அதற்குப் பிறகு பத்து வாரம் இருந்தார். ஜெனிவீவ் நான்கு முறை போய்ப் பார்த்தாள். செயலியைப் பற்றி இருவருமே மறுபடி பேசவில்லை. அடக்கப் பூசையில் பாடகர் குழு பாடியபோது முன்வரிசையில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு நின்றார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தோனியம்மாளின் கணவர் ஜார்ஜைத் தேடிப் போனாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். காலை நேரங்களில் தேக்கா உணவங்காடியில் இருப்பார் என்று சொன்னார்கள். ஒரு குவளை தே வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் ஒன்று வாங்கி வந்து வைத்தார். ஜெனிவீவ் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மறைக்கல்வி அறை, கேட்ட இரண்டு கேள்விகள், தான் சொல்லாத பதில், சாம்பல் வரி. எதையும் தனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லவில்லை.

அவள் முடித்ததும் ஜார்ஜ் கேட்டார்: “இதை ஏம்மா என்கிட்ட சொல்ற?”

“உங்களுக்குத் தெரியணும்னு, அங்கிள்.”

“எனக்கா?”

அவர் குவளையைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

“ஒரே வீட்டுல இருந்துருக்கோம். ரெண்டு வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லலன்னு யோசிச்சு யோசிச்சு, சரி, அவ சுபாவம் அப்படி, யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வெச்சுக்கிட்டான்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். இப்ப நீ வந்து, உன்கிட்ட அவ கேட்டான்னு சொல்ற.”

“என்கிட்டயும் சொல்லல அங்கிள். விலைதான்...”

“விலை கேட்டாலே அது சொன்ன மாதிரிதான்மா.” குரலை உயர்த்தவில்லை. “உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா இனிமே இதைப் பத்தி என்கிட்ட பேசாத.”

எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, பஃபலோ சாலைப் பக்கமாக நடந்து போனார். மனப்பாரத்தை இறக்கி வைக்கத்தான் வந்தோம், அவருக்காக வரவில்லை என்பது அப்போதுதான் ஜெனிவீவுக்குப் புரிந்தது. கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பார்த்தால் அவர் தலையசைக்கிறார். பிறகு போய் மறுபக்கத்து வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார்.