சம்பலில் கிடந்த வேர்

போன கிழமை கம்பனி அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தேன். மத்தியானம் பழைய நண்பர் ஒருவர் என்னைத் தெருவில் கண்டு, "வாரும், இண்டைக்குச் சீனச் சாப்பாடு" என்று கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

காகித விளக்கு, சிவப்பு மேசைத் துணி, கைபிடி இல்லாத தேத்தண்ணிக் கோப்பை... எல்லாம் ஜோர். நடுவில் ஒரு பெரிய தட்டு நிறைய நூடில்ஸ். நூடில்ஸ் எனக்குப் புதிதல்ல — எங்கள் இடியப்பம்தான், பிழிந்தவர் சுற்ற மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் கறுப்பாக, வழுவழுவென்று ஏதோ துண்டு துண்டாகக் கிடந்தது. காளானா? கடற்பாசியா? ஊர்வனவா?

நண்பர் முள்ளுக்கரண்டியால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு விசாரிக்கத் திரும்பினார். நண்பர் மறுபடி என் பக்கம் திரும்புவதற்குள் நான் மூன்று துண்டு விழுங்கியிருந்தேன்.

"வாயிலை வைக்க முன்னம் என்னெண்டு கேக்க மாட்டீரோ?"

"கடையிலை நான் கேக்கிறேல்லை," என்றேன்.

நண்பர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வருஷமாக இதை எழுதக் கை துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் தங்கையின் கலியாணம் இதில் மாட்டியிருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அவளுக்கு ஒரு மகனும் பிறந்துவிட்டான். இனி யாரும் அவளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். என்றாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தண்ணீர்ப் பம்பு விற்கிறவன். வீடு மாங்குளம். தகப்பன் இல்லாத வீடு. அம்மா, நான், தங்கை பவளம். பவளத்துக்கு அப்போது வயது இருபத்தெட்டு. மூன்று வருஷமாக இருபத்தெட்டு. அம்மா அதற்கு மேலே போக விடவில்லை.

ஐந்து சம்பந்தம் வந்து தட்டிப்போன பிறகு, ஆறாவதாக முரசுமோட்டையிலிருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளை நீர்ப்பாசனப் பகுதியில் வேலை. தகப்பன் விசுவலிங்கத்தார் இளைப்பாறிய தலைமை ஆசிரியர், ஊருக்கு 'மாஸ்டர்'. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றக் காணியில் நெல் செய்கிறவர். சீதனப் பேச்சே எடுக்கவில்லை. ஒரேயொரு நிபந்தனைதான்: பெண் வீடு மச்சம் புழங்காத வீடாக இருக்கவேண்டும். மீன், இறைச்சி, முட்டை எதுவும் சட்டியில் பட்டிருக்கக் கூடாது.

"மாஸ்டர் தெற்கிலை, சிங்கள ஊரான காலிப் பக்கம் ஏழு வருஷம் படிப்பிச்சவர். அங்கையும் தன்ரை கையாலை சமைச்சுச் சாப்பிட்ட மனுசன்," என்று தரகர் பெருமையாகச் சொன்னார்.

"எங்கட வீடும் பரம்பரைச் சைவம்தான்," என்றா அம்மா. சொல்லும்போது அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாளே அம்மா மச்சச் சட்டி இரண்டையும் வளவின் பின்பக்கம் கொண்டுபோய், வைக்கோற்போருக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிட்டா. மாசிப் போத்தலையும் அதில் ஒரு சட்டிக்குள் ஒளித்தா. மாசி தெரியும்தானே? மாலைதீவிலிருந்து வருகிற காய்ந்த மீன். பார்த்தால் விறகுச் சிராய் மாதிரி இருக்கும். இடித்துத் தேங்காய்ச் சம்பலில் போட்டால், அந்தச் சம்பலுக்காக எதையும் எழுதிக் கொடுக்கலாம்.

இந்த மாற்றத்தில் நாங்கள் மூவரும் ஒருவாறு தேறிவிட்டோம். பூனைதான் தேறவில்லை. மாஸ்டர் பெண் பார்க்க வந்த அன்று அது வைக்கோற்போர்ப் பக்கம் போய், ஒரு சட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒப்பாரி வைத்தது. மாஸ்டர் கை கழுவப் பின்பக்கம் போனவர் கொஞ்சம் சுணங்கித்தான் வந்தார். வந்து, பெண் பிடித்திருக்கிறது என்றார். அம்மா அழுதுவிட்டா.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், மாஸ்டரின் தமக்கைக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று ஒரு முறை வந்தது. தமக்கை இருப்பது பூவரசங்குளத்தில். கம்பனி வான் வண்டியில் நான் மாஸ்டரை ஏற்றிக்கொண்டு விடியப் புறப்பட்டேன். போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. தமக்கை கோயிலுக்குப் போய்விட்டாவாம், பின்னேரம்தான் வருவாவாம். மாஸ்டருக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். வவுனியாவுக்குத் திரும்பி வரும்போது அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது.

சைவக் கடைக்குப் போனோம். கதவில் செத்த வீட்டு அறிவித்தல். முஸ்லிம் கடைக்கு முன்னால் வானை மெதுவாக்கினேன். இறைச்சிக் கறி வாசம் எதிர்கொண்டு வந்தது. மாஸ்டர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானும் மூக்கைப் பொத்தினேன். அப்படிப் பொத்த எனக்கு எவ்வளவு மனத்திடம் தேவைப்பட்டது என்பதை அந்தக் கடைக்காரர் அறிவார். நான் அவருடைய ஏழு வருஷ வாடிக்கைக்காரன். என்னைக் கண்டு கையைத் தூக்கியவர், பொத்திய மூக்கைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

மிஞ்சியது ஸ்டேசனடியில் சிறிசேன என்ற சிங்களவரின் தேத்தண்ணிக் கடை. இருக்க நாலு வாங்கு, ஒரு கண்ணாடி அலுமாரி, சுவரில் ஒரு கலண்டர்.

"மச்சம் இல்லாத சாப்பாடு இருக்கோ எண்டு அவரின்ரை பாஷையிலை கேளுங்கோ தம்பி," என்றார் மாஸ்டர்.

சிங்களத்தில் புலி என்று நான் வானில் அளந்துகொண்டு வந்திருந்தேன். ஆகையால் கேட்டேன். சிறிசேன என்மேல் இரக்கப்பட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"மீன் இல்லை அய்யா. இண்டைக்கு மீன் வரயில்லை. பாண், பருப்பு, சம்பல் மட்டும்தான்."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. மீன் என்றால் துண்டாகக் கறியில் கிடப்பது. மாசி அவருக்கு உப்பு, மிளகாய் மாதிரி. உப்புப் போட்டிருக்கிறேன் என்று எந்தக் கடைக்காரராவது வந்து சொல்வாரா?

பாண் ரொட்டி வந்தது. பருப்பு வந்தது. சம்பல் வந்தது. சிவப்புச் சம்பல், தேசிக்காய்ப்புளி விட்டு, சின்ன வெங்காயத்தோடு. நான் பாணில் கொஞ்சம் வைத்து வாயில் போட்டேன்.

மாசி!

ஒரு மாதமாகக் காணாத ஆளைக் கண்ட மாதிரி நாக்கு எழும்பி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டரும் முதல் வாயை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடியபடி இருந்தார். 'மாஸ்டர், நிப்பாட்டுங்கோ' என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

'ஏன் தம்பி?' என்று அவர் கேட்பார். 'இதுக்குள்ளை மாசி கிடக்கு' என்று நான் சொல்வேன். 'மாசியின்ரை ருசி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?' என்று அடுத்ததாகக் கேட்பாரே... அதற்கு என்ன சொல்வேன்? பரம்பரைச் சைவம் ஒரே கேள்வியில் கவிழ்ந்துவிடும். பவளம் நாலாவது வருஷமும் இருபத்தெட்டில் நிற்பாள்.

சொல்லாவிட்டாலோ, ஒரு மனிதரின் அறுபது வருஷ விரதம் என் கண்ணுக்கு முன்னால் துண்டு துண்டாகப் பாணோடு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டில் எது பெரிய பாவம்? யோசித்து முடிப்பதற்குள் அவர் மூன்றாவது துண்டில் இருந்தார்.

சுற்றி வளைத்துப் பார்த்தேன். "மாஸ்டர், சம்பலுக்குள்ளை எறும்பு மாதிரி ஏதோ கிடக்குது."

"எறும்பு கண்ணுக்கு நல்லது."

"உறைப்புக் கூட. உங்கட வயித்துக்கு..."

"எனக்கு உறைப்புப் பிடிக்கும்," என்று சொல்லி, தட்டை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

பிறகு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டு வாங்கினார். அதுவும் முடிந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இதுக்குள்ளை ஏதோ ஒரு விசேஷம் இருக்குத் தம்பி. அவரை ஒருக்காக் கூப்பிடுங்கோ."

நான் கூப்பிடவில்லை. ஆனால் பாராட்டு என்றால் எந்தச் சமையற்காரருக்கும் காது நீளம். சிறிசேன தானாகவே வந்தார். விசேஷம் என்ன என்று கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே ஓடினார். ஒரு தகரப் பேணியோடு திரும்பி வந்தார். நான் மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், கும்பிட்டேன். அவர் அதை எல்லாம் என் நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

"இதுதான் அய்யா. இது போட்டாத்தான் ருசி."

பேணிக்குள்ளிருந்து கறுத்த, கட்டையான ஒரு துண்டை எடுத்து மாஸ்டரின் கையில் வைத்தார். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மணந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ தம்பி?"

நான் கலண்டரைப் பார்த்தேன். "தெரியேல்லை மாஸ்டர். ஏதோ... வேர் போலை கிடக்குது."

மாஸ்டர் அந்தத் துண்டைத் திரும்பப் பேணிக்குள் வைத்தார். "ஓம்," என்றார். "வேர்தான். மலைநாட்டுப் பக்கம் விளையிறதாக்கும்."

சிறிசேன ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் முந்திக்கொண்டு, "ரெண்டு தேத்தண்ணி கொண்டுவாங்கோ" என்று அவரை உள்ளே அனுப்பிவிட்டார். என் உயிர் திரும்பி வந்தது.

பின்னேரம் தமக்கைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில், புளியங்குளம் தாண்டியதும் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "எங்கட வீட்டிலை சம்பல் கதை எடுக்காதேங்கோ தம்பி. மனுசிக்குக் கடைச் சாப்பாடு பிடியாது. ஏசுவா," என்றார். நான் சரியென்று தலையாட்டினேன். எவ்வளவு வெள்ளை மனம் என்று நினைத்தேன். மீனையே அறியாதவர் மீனை எப்படிக் கண்டுபிடிப்பார்? தப்பே செய்யாதவரைத்தான் உலகத்தில் சுலபமாக ஏமாற்றலாம் போலிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையில் கைவைத்து, அந்த இடத்திலேயே பிள்ளையாருக்கு இருபத்தொரு தேங்காய் நேர்ந்தா.

கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நாலாம் நாள் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். பதினொரு மரக்கறி. அம்மா தன் கையாலேயே சம்பல் இடித்தா. சுத்தமான சைவச் சம்பல். மாஸ்டரின் மனைவி நெற்றி நிறைய விபூதியோடு கதவடியில் நின்று, பந்தியில் ஒவ்வொரு இலையாகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தா. உண்மையில் அந்த வீட்டின் விரதம் முழுவதும் அவவின் கையில்தான் என்று பவளம் பிற்பாடு சொன்னாள்.

மாஸ்டர் சம்பலைத் தொட்டு வாயில் வைத்தார். மென்றார். இன்னும் மென்றார். அவருடைய மனைவி தயிர் எடுக்க உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, என்னை விரலால் கூப்பிட்டார். குனிந்தேன்.

"சம்பல் நல்லாயிருக்குத் தம்பி. ஆனால் அந்த வேர் போடேல்லைப் போலை."

"அது... இங்கை கிடையாது மாமா."

அவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"வைக்கோற்போருக்குப் பின்னாலை, கவிட்டு வைச்ச சட்டிக்குள்ளை பாக்கேல்லையோ? அண்டைக்குப் பூனை அதுக்கு மேலைதான் இருந்தது."

காலியில் ஏழு வருஷம்! தெற்கில் ஏழு வருஷம் சாப்பிட்ட மனிதருக்கு மாசி தெரியாமல் இருக்குமா? சிங்களம் தெரியாமல் இருக்குமா? என் சிங்களத்தையும் பொறுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பரம்பரைச் சைவம் எத்தனை நாள் வயதுடையது என்று முதல் நாளே சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்துதான், பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

தயிரோடு வந்த மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. "என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்? தம்பி ஏன் கண்ணைத் துடைக்கிறார்?"

"ஒண்டுமில்லையப்பா," என்றார் மாஸ்டர். "சம்பல் உறைப்பு."

கொள்ளுப்பிட்டிச் சீனக் கடையில் நான் விழுங்கிய அந்தக் கறுத்த துண்டுகளும் வேர்தான் — அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.