இரண்டு பாட்டுத் தாண்டி

அந்தக் கசெற்றின் மேல் 'படப் பாட்டுகள்' என்று நீலப் பேனையால் எழுதியிருந்தது. மூலையில் ஒரு பிளாஸ்திரித் துண்டு. அப்படி ஒட்டினால்தான் பாட்டுக் கசெற்றில் மறுபடி பதிய முடியும். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஜெர்மனியிலும் பிரான்சிலும் கோப்பை கழுவி, லண்டனுக்கு வந்து மிச்சம் என்கிற இடத்தில் ஓர் அறையில் ஒதுங்கியிருந்தேன். அதே அறையில் இருந்த, நான் அண்ணை என்று கூப்பிடுகிற ஒருவரும் நானும் ஒரு நடன மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தோம். ஞாயிறு பின்னேரங்களில் வயதான வெள்ளைக்காரர்கள் அங்கே டாங்கோ ஆடுவார்கள். பழைய ஆர்ஜென்டீன வாத்தியக் குழு ஒன்றின் இசைத்தட்டில் கடைசியாக வரும் பாட்டுக்கு மட்டும் அண்ணை துடைப்பதை நிறுத்திவிட்டு நிற்பார். ஆர்மோனியம் போன்ற ஒரு பெட்டி, மாடிப்படி ஏறி வந்த ஆள் மாதிரி மூச்சு வாங்கும். பாதிப் பாட்டு போன பிறகுதான் பாடகர் வாயைத் திறப்பார். அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்குமுன் வாத்தியங்கள் பாட்டைப் பறித்துக்கொண்டு நடக்கும்.

"பாரடா, இவங்கள் அழேக்கையும் கால் பிசகாமல் அழுறாங்கள்" என்பார்.

"பாஷை விளங்குதோ அண்ணை?"

"விளங்கினால் பிறகென்னத்துக்குக் கேக்கிறது?"

அண்ணியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். சண்டை நடந்த, ஊரில் தொலைபேசி இல்லாத காலம். சொல்ல வேண்டியதைக் கசெற்றில் பேசிப் பதிந்து, லண்டன் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். சோதனைச் சாவடியில் போட்டுக் கேட்பார்கள் என்பதால் முதல் இரண்டு பாட்டை அப்படியே விட்டு, அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். அது எனக்குத் தெரியாததல்ல. அண்ணை இல்லாத நேரத்தில் யாரோ கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போன கசெற்றைப் போட்டுப் பார்த்தேன். பாட்டுத்தான். மண்டபத்தில் இசைத்தட்டுப் போடுகிற வெள்ளைக்கார அம்மாவிடம் கொடுத்து, அந்த இசைத்தட்டை அதில் பதிந்து வாங்கினேன். அண்ணை சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

சந்தோஷமாகத்தான் கேட்டார். டாங்கோப் பாட்டு வாத்தியங்கள் சேர்ந்து போடும் இரண்டு அடியில் முடியும். அந்தப் பாட்டில் இரண்டாவது அடி விழுந்ததா இல்லையா என்பது போல மெல்ல விழும். அது விழுந்து பதிவு முடிந்ததும், அழியாமல் மிஞ்சிய நாடாவில் அண்ணியின் குரல் வந்தது.

"...அதைத்தான் கேக்கிறன். ஓமெண்டாலும் இல்லையெண்டாலும் கெதியாச் சொல்லுங்கோ. இஞ்ச இனி இருக்க ஏலாது."

அதற்கு மேல் வெறும் இரைச்சல்.

அண்ணை என்னை அடிக்கவில்லை. "ரெண்டு பாட்டுத் தாண்டிக் கேட்டிருக்கலாமேடா" என்றார். அவ்வளவுதான்.

என்ன கேட்டீர் என்று திருப்பிக் கேட்டால் பதில் வர மாதக் கணக்காகும். மூன்று நாள் யோசித்துவிட்டு, "ஓம். நீர் நினைச்சபடி செய்யும்" என்று பதிந்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அண்ணி மகளோடு படகேறினார். படகு கரை சேரவில்லை. அவர் கேட்டது படகைப் பற்றித்தானா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நாடா நைந்து அறும்வரை அண்ணை அந்தப் பாட்டைக் கேட்டார். நான் பிறகும் ஊர் ஊராக அலைந்து, இப்போது மறுபடி லண்டனில், டூட்டிங்கில் இருக்கிறேன். பாட்டின் அர்த்தத்தைச் சொல்கிறேன் என்று வேலையிடத்தில் ஸ்பானிஷ் பேசும் ஒரு பெண் வந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

போன மாதம் அண்ணையைப் பார்க்கப் போனபோது அதே பதிவைத் தேடியெடுத்து என் போனில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது அடியும் விழுந்தது. போனை எடுக்கக் கை நீட்டினேன்.

"பொறு" என்றார்.

அரை நிமிடம் போயிருக்கும்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை. முடிஞ்சுது."