அம்மா பெயருக்கு ஒரு பத்திரம்

அப்பாவின் மறதியை நாங்கள் முதலில் சிரித்துத்தான் ஒதுக்கினோம். கடைக்குப் போனவர் திருமழபாடி பஸ்ஸில் ஏறிப் போய், இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அன்றுதான் சிரிப்பு நின்றது. எண்பதுகளின் தொடக்கம் அது. மறதிக்கு நோய்ப்பெயர் ஒன்று உண்டு என்பதே எங்கள் ஊர் விக்கிரமங்கலத்தில் யாருக்கும் தெரியாது. "வயசாச்சுல்ல" என்பார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் மட்டும் அந்த மறதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அப்பா தாமே சம்பாதித்து வாங்கிய நிலத்தின் மேல் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் நிலம் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் ஒருவன் கண் வைத்திருந்தான். "அப்பா ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்று அண்ணன் பத்திரத்தாளும் கையுமாகத் திரிந்தான். நிலம் போனால் அம்மாவுக்கு நாதி ஏது? அவன் வீட்டுச் சோற்றுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். "உனக்கு வெக்கமா இல்ல?" என்று நான் கத்தியதில் தெருவே எட்டிப் பார்த்தது.

அரியலூர் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இன்னிக்குக் கேட்டா நல்லாவே புரிஞ்சுக்கிறாரும்மா. போகப் போகச் சொல்ல முடியாது. சொத்து ஏதும் எழுதறதா இருந்தா இப்பவே எழுதிடுங்க."

அப்பாவிடம் கேட்டேன். "உங்கம்மா பேருக்கே எழுதிடு" என்றார் உடனே.

பத்திரம் எழுதுபவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நீங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சொல்லிக் குடுக்கிறீங்கன்னு சார் திருப்பி அனுப்பிடுவாரு."

அதனால், எப்போதும் நூல்புடவையே கட்டும் அம்மா, நான் வற்புறுத்திக் கட்டிவிட்ட என் பட்டுப்புடவையில், வாயை இறுக்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் நின்றாள்.

"யாருக்குங்க எழுதுறீங்க?" பதிவாளர் கேட்டார்.

"எம் பொண்டாட்டிக்கு."

"ஏன்?"

"எனக்குப் புத்தி தடுமாறுது சார். எவனாச்சும் கையெழுத்து வாங்கிடுவான். அவ சோத்துக்கு யாரு கையையும் எதிர்பாக்கக் கூடாது."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அவங்க எங்க?"

அப்பா அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "அவ வூட்டுல இருக்கா சார்."

அடக் கடவுளே! பதிவாளர் பேனாவை மூடிவிட்டார். அந்தப் புடவையைக் கட்டிவிட்ட என் கையை ஒடித்துப் போடலாம் போலிருந்தது. அம்மாவுக்கோ பொறுக்கவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கூப்பிட்டது ஒரே சொல்லால்தான்.

"இந்தாங்க."

அப்பா சட்டென்று திரும்பினார். "நீ எப்ப வந்த? இவதான் சார். இவளுக்குத்தான்."

பதிவாளர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, அப்பாவிடம் தனியாக எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டார். அப்பா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில், ரசீதை மடியில் செருகிக்கொண்டு அம்மா ஓயாமல் அழுதாள். பக்கத்தில் இருந்த அப்பா மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"அழாதீங்கம்மா. வூட்டுக்காரரு இல்லீங்களா?"

"இருக்காருங்க" என்றாள் அம்மா.

"உங்களுக்குன்னு ஏதாச்சும் எழுதி வச்சிருக்காரா?"

"வச்சிருக்காருங்க."

"அப்புறம் எதுக்கு அழுவுறீங்க? நல்ல மனுசன்தான்" என்றார் அப்பா.