எறும்பு உட்காராத இடம்

இது நடந்தது. நம்புவதும் நம்பாமல் போவதும் உங்கள் இஷ்டம். உட்கார்ந்து வாதம் பண்ண எனக்குத் தெம்பில்லை. எனக்கு பேக்கரியில் வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசையப் போகிறவன் கதை கட்டிக்கொண்டிருக்க மாட்டான், கிடைத்த நேரத்தில் தூங்குவான். அன்றைக்கும் நான் ஆசைப்பட்டது தூக்கத்துக்குத்தான், பாலைவனத்துக்கு இல்லை.

பாலைவனத்துக்கு ஆசைப்பட்டவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் ஏணி. அத்தனை உயரம். கடையில் வாங்குகிற எந்தப் பேன்ட்டும் அவனுக்குக் கணுக்கால் வரை எட்டியதில்லை. கட்டிலில் படுத்தால் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் அந்தப் பக்கம் போய் இடித்துக்கொள்ளாத ஆளே எங்கள் வீட்டில் இல்லை. என் சின்னக் காரில் அவன் ஏறி உட்காருவதே ஒரு வேடிக்கை.

வேலை போய், கட்டினவளும் போய், எட்டு மாதமாக எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். பகலிலும் திரையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடப்பான். ஒருநாள் அக்காவிடம், "எழுந்திருக்கவே வேணாம்னு இருக்குக்கா" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள்.

அவனை எழுப்பி உட்கார வைத்தது எறும்பு. சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தவன்தான்.

ராணி எறும்புகள் எப்போதாவதுதான் புற்றை விட்டு வெளியே பறந்து வரும். பாலைவனத்தில் அது இன்னும் அபூர்வம். முதலில் நல்ல மழை பெய்ய வேண்டும். பெய்து ஒன்றிரண்டு நாளில் காற்று சுத்தமாக அடங்க வேண்டும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், மேலே புழுக்கம் இருக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் இருட்டுகிற நேரத்தில் கிளம்பும், வெளிச்சத்தைத் தேடி வரும். கீழே இறங்கி, இறக்கையை உதிர்த்துவிட்டு, மண்ணைத் தோண்டி உள்ளே போய் வாசலை மூடிக்கொள்ளும். வீட்டில் வைத்து வளர்க்க, அதற்குள் பிடித்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுவிட வேண்டும்.

"ஒரே ஒரு ராணி போதும் மாமா. ஒரு ஊரே வந்துரும்" என்பான் ஏணி. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் பழைய ஆள் எட்டிப்பார்ப்பான்.

அந்தப் பழைய ஆளுக்காகத்தான் நான் வண்டி ஓட்டினேன். ஒருமுறை போய்ச் சேர்ந்தபோது எறும்பு வந்து உட்காரக் கட்டிய விரிப்பையே காற்று பிடுங்கிக்கொண்டு போனது. இன்னொருமுறை மழை வேறு பக்கம் பெய்துவிட்டது. மற்றொருமுறை குளிரில் ஒரு கொசுகூட வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்பி, குளித்த ஈரத்தோடு நேரே வேலைக்குப் போவேன். போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்தத் தடவை முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி சமையலறையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அவனை மட்டும் தனியா விட்றாதீங்க. கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்துருங்க. எனக்கு அது போதும்."

கார் சாவியை எடுத்தேன். அலமாரியிலிருந்து நல்ல வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

தார் ரோடு முடிந்து மண் பாதையில் வெகுதூரம் போனோம். ஏணி போனைப் பார்த்தபடியே வழி சொன்னான். "முந்தாநாள் கொட்டித் தீர்த்திருக்கு மாமா. இன்னைக்கு ஏழு மணிக்குக் காத்து நின்னுடும் பாருங்க."

காரை நிறுத்தி, இரண்டு கம்பு நட்டு, விரிப்பைக் கட்டினோம். பத்துப் பதினைந்து அடி தள்ளி விளக்கை நிறுத்தினான். விளக்குப் பெட்டியில், தொலைந்தால் யாராவது கூப்பிடட்டும் என்று, என் போன் நம்பரை எழுதியிருந்தான். விளக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். அவன் நெற்றியில் சின்ன விளக்கை மாட்டிக்கொண்டு குழாய்களோடு தரையைத் தேடிப் போனான்.

மழை காய்ந்த தரை அப்பளம் மாதிரி மேலே பொருக்கு கட்டியிருந்தது. கால் வைத்தால் நொறுங்கும். சுற்றிப் பார்த்தேன். எங்கள் தடத்தைத் தவிர ஒரு தடமும் இல்லை.

ஏழு மணிக்குக் காற்று நின்றது. யாரோ விசிறியை அணைத்தது போல.

ஏழு பத்துக்கு முதல் எறும்பு வந்து விரிப்பில் உட்கார்ந்தது. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை. என் தலையில், சட்டைக்குள், காதில் எல்லாம் இறக்கை. ஏணி குழந்தை மாதிரிக் கத்தினான்.

"மாமா! வந்துடுச்சு மாமா!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்ட பாட்டுக்கு இது போதும் என்று இருந்தது. விரிப்பு முழுக்கக் கறுப்பாக நெளிவதைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டேன்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

விரிப்பின் நடுவில் ஒரு சின்ன இடம் வெள்ளையாக இருந்தது. அங்கே மட்டும் எறும்பு உட்காரவில்லை. மேலே உருண்டை, அதற்குக் கீழே கொஞ்சம் அகலம். துணியில் ஏதாவது கறை இருக்கும், சோப்பு வாசனை பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அசதியில் மனசு எதையாவது ஒன்றைச் சொல்லி சமாதானம் பண்ணிக்கொள்ளும், இல்லையா?

எழுந்து போய் விரிப்பை உதறினேன். எல்லாம் பறந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தேன். எல்லாம் மறுபடி வந்து உட்கார்ந்தன.

அந்த இடத்தை விட்டுவிட்டு.

இப்போது அது கொஞ்சம் பெரிதாக இருந்தது. தலை தெரிந்தது. தோள் தெரிந்தது.

நான்தான் வெளிச்சத்தை மறைக்கிறேனோ என்று நாற்காலியை நகர்த்தினேன். அது நகரவில்லை. ஏணி குறுக்கே நிற்கிறானோ என்று பார்த்தேன். அவன் தூரத்தில், காருக்கு அந்தப் பக்கம், குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு நாற்பது.

சின்ன வயதில் விளக்கு முன்னால் கையைக் காட்டிச் சுவரில் மான், நாய் எல்லாம் காட்டியிருப்பீர்கள். கையை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் சுவரில் நிழல் பெரிதாகும். அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வந்திருக்கவே வேண்டாம்.

விரிப்பில் நிழல் எதுவும் விழவில்லை. துணி முழுக்க ஒரே வெளிச்சம். ஆனால் எறும்புகளுக்கு நிழல் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

விரிப்புப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று... விளக்கை நோக்கி... நடந்து வந்துகொண்டிருந்தது.

நான் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்க நினைத்தேன். கால் வரவில்லை. தலை விரிப்பின் மேல் விளிம்பைத் தொட்டது. தோள் இரண்டு பக்கமும் கம்பு வரை போனது. எறும்புகள் ஓரத்துக்கு ஓரத்துக்கு ஒதுங்கின.

கடைசியில் விரிப்பில் ஒரு எறும்புகூட இல்லை.

வெள்ளை. சுத்த வெள்ளை.

என் மேல் ஊர்ந்துகொண்டிருந்தவையும் இல்லை. எப்போது போயின என்று தெரியவில்லை.

முகத்துக்கு எதிரே ஈர மண் வாசனை...

நான் மூச்சு விடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி என்று சொல்லத் தெரியாது. பிறகு ஒரு எறும்பு விரிப்பில் வந்து உட்கார்ந்தது. இன்னொன்று. பிறகு நூறு. விரிப்பு மறுபடி கறுப்பானது. போய்விட்டது என்று எனக்கு அழுகையே வந்தது.

அப்போது ஏணியின் குரல் கேட்டது. சாதாரணமாக, யாரிடமோ பேசுகிற குரல்.

"ம்... தனியாத்தான் இருக்கேன்."

எதிர்ப்பேச்சு எனக்குக் கேட்கவில்லை.

"ஆமா. ரொம்ப அசதியா இருக்கு."

எனக்குக் கால் வந்துவிட்டது. ஓடினேன்.

காருக்குப் பின்னால், சமதரையில், அவன் மல்லாந்து படுத்திருந்தான். கையிரண்டும் உடம்போடு ஒட்டி இருந்தன. நெற்றி விளக்கு வானத்தைப் பார்த்து எரிந்தது. அவனைச் சுற்றி நூற்றுக்கணக்கான ராணிகள், இறக்கையை உதிர்த்துவிட்டு, மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. தலையிலிருந்து கால் வரை, அவன் உடம்பின் இரண்டு பக்கமும் கோடு போட்டது போல. அவன் மேல் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு வெளிச்சம் எரிந்தும்.

"டேய்! எழுந்திரு!"

"மண்ணு மெத்துனு இருக்கு மாமா. கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்."

காலை வைத்தேன். பொருக்கு இல்லை. பொங்கின மாவு மாதிரிக் கால் உள்ளே இறங்கியது. அவனும் இறங்கிக்கொண்டிருந்தான். காது வரை மண் வந்திருந்தது.

கையைப் பிடித்து இழுத்தேன். தினமும் ஐம்பது கிலோ மாவு மூட்டை தூக்குகிறவன் நான். ஏணி வெறும் எலும்பு. அவனை என்னால் அசைக்க முடியவில்லை.

யாரோ அந்தப் பக்கம் பிடித்திருந்தார்கள்.

"விடு!" என்று கத்தினேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "அவங்க அக்கா என்கிட்டதான் கேப்பா! விடு!"

ஒரே இழுப்பில் வந்தான். இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம்.

காரில் தள்ளினேன். விரிப்பு, விளக்கு, நாற்காலி, குழாய் எல்லாம் அங்கேயே கிடந்தன. வண்டியைக் கிளப்பும்போது மணி எட்டு ஐந்து. கண்ணாடியில் ஒருமுறை பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரிப்பு வெள்ளையாக இருந்தது.

தார் ரோடு வரும்வரை வண்டியை விரட்டினேன். அப்புறம் கேட்டேன்.

"யார்கிட்டடா பேசிட்டு இருந்த?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "உங்ககிட்டதான் மாமா. நீங்கதானே வந்து, தனியா இருக்கியான்னு கேட்டீங்க? அசதியா இருந்தா படுத்துக்கோன்னு சொன்னீங்க?"

வீட்டுக்கு வந்ததும் மனைவி தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். நிம்மதியானாள். பிறகு, "என் விரிப்பு எங்கே?" என்றாள். காற்றில் போய்விட்டது என்றேன்.

நான்காம் நாள் மத்தியானம், பேக்கரியில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. போலீஸ்காரர். அந்த மண் பாதையைச் சீர்செய்ய வந்த மெஷின் டிரைவர் எங்கள் விரிப்பைப் பார்த்து இறங்கியிருக்கிறார். பக்கத்தில் அவர் கால் வைத்ததும் முழங்கால் வரை மண்ணில் புதைந்திருக்கிறது. சந்தேகப்பட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கிறார். வந்து தோண்டினார்களாம். விளக்குப் பெட்டியில் என் நம்பர் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு ஆள் கிடைச்சாரு சார். ரொம்ப வருஷம் ஆனது, எலும்புதான் மிச்சம். யாருன்னு தெரியல. அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லன்னு தெரியும், பயப்படாதீங்க."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "அந்தப் பொதபொதன்னு இருந்த இடத்துலயா?"

"இல்ல சார். அதான் புரியல. அவரு இருந்தது பக்கத்துல, கெட்டி மண்ணுக்கு அடியில. நீங்க சொல்ற இடத்துல வேற ஒரு குழி. அவருக்கு ஒட்டின மாதிரியே. புதுசா வெட்டி மூடியிருக்கு. உள்ள ஒண்ணுமில்ல, வெறும் மண்ணு. மழைக்கு அப்புறம் உங்க தடத்தைத் தவிர அங்க வேற தடமே இல்லன்னு டிரைவர் சத்தியம் பண்றாரு. நீங்க யாரையாவது பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"அளவு வேற விநோதமா இருக்கு. பழைய குழி சாதாரண நீளம்தான். புதுசு ஆறடி அஞ்சு அங்குலம். இவ்வளவு நீளமா எவனுக்கு சார் வெட்டுவாங்க?"

ஏணி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், கட்டில் செய்யக் கொடுக்கலாம் என்று அவனைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தவன் நான். கடைசியில் செலவுக்குப் பயந்து செய்யவில்லை. அந்தப் பென்சில் கோடு இன்னும் பின்னறைச் சுவரில் இருக்கிறது.

மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக இருக்கிறாள். தம்பி இப்போது திரையைத் திறந்து வைக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். அங்கே படுத்தது மாதிரி ஒரு தூக்கம் இந்தக் கட்டிலில் வரவில்லை என்று மட்டும் அடிக்கடி சொல்கிறான். முன்பெல்லாம் போனில் நாலு பக்கத்து மழையையும் பார்ப்பான். இப்போது ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கிறான்.

நேற்று காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நேத்து ராத்திரி அங்க நல்ல மழை. நாளைக்குக் காத்து இருக்காது."

"என்னால முடியாதுடா. உடம்பெல்லாம் வலி."

"பரவால்ல மாமா." சிரித்தான். "நீங்க தூங்குங்க. நான் தனியாவே போய்க்கறேன்."

கார் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பேக்கரிக்கு லீவு சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஏழு மணியைத் தாண்டும்வரை நான் கண்ணை மூடக் கூடாது. நேற்று ராத்திரி முழுக்க மூடவில்லை. பின்னறையில் அவன் யாருக்கோ, "ம்... ம்..." என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கிறது.

எனக்குத் தூக்கம் வருகிறது.